நடுராத்திரியில் பவுல் போட்ட சத்தம்

ஏனாத்தூரிலோ உத்திரமேரூரைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்து ஊர்களிலோ ஒரு கிறிஸ்தவ வீட்டில் யாராவது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால், துக்கத்துக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் இரண்டு கேள்வி கேட்பார்கள். "என்ன காரணமாம்?" என்பது ஒன்று. அது எந்த வீட்டிலும் கேட்பது. மற்றது நம் வீடுகளுக்கே உரியது: "கோயிலுக்குள்ள எடுத்துட்டுப் போவாங்களா?" சாமியார் பூசை வைப்பாரா, சாவு மணி அடிக்குமா, கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து இடம் கிடைக்குமா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கும் அடியில், பெற்றவள் மட்டும் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்?

இளையோர் கூட்டத்தில் உங்களில் ஒருத்தி அதைத்தான் கேட்டாள். "தாத்தா, தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு மோட்சமே கிடையாதாமே, நிஜமா?" கூட்டம் முடிகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் குருமடத்தில் படித்தவன் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவன். ஆனால் அப்படிப்பட்ட துக்க வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் தேடித்தேடிப் படித்தேன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்சம் கிடையாது என்று திருச்சபை சொல்லவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2280 முதல் 2283 வரையுள்ள எண்களைப் பாருங்கள். உயிர் கடவுள் கொடுத்தது, நாம் அதற்குக் காவலர்கள்தான், சொந்தக்காரர்கள் இல்லை, ஆகவே அதை அழிப்பது பெரிய தவறு என்று முதலில் உறுதியாகச் சொல்கிறது. அதில் எந்தத் தளர்வும் இல்லை. அடுத்ததாக, கடுமையான மனநோயும் தாங்க முடியாத வேதனையும் பெரும் பயமும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. கடைசியாக, அப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்புக் கொடுக்க முடியும், திருச்சபை அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறது என்று முடிக்கிறது.

இது யாரோ இரக்கப்பட்டுப் புதிதாகச் சேர்த்த சலுகை என்று நினைக்காதீர்கள். சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனை என்று உங்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது தவறு என்ற முழு அறிவு வேண்டும், மனதின் முழுச் சம்மதம் வேண்டும். மனச்சோர்வு நோய் முற்றியவருக்கு இந்த மூன்றாவது இருக்கிறதா? கண்ணில் புரை விழுந்தவனுக்கு உச்சிவெயிலும் மங்கலாகத் தெரிவதுபோல, அந்த நோயில் இருப்பவருக்கு நாளை என்ற ஒன்றே தெரிவதில்லை. வீட்டார் அன்பு தெரியாது, கடவுளும் தெரியமாட்டார். தான் போனால் மற்றவர்களுக்குப் பாரம் குறையும் என்று மனமார நம்புவார். அதைச் சுதந்திரமான சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஏன் நம் தாத்தா பாட்டிமார் அவ்வளவு பயந்தார்கள்? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

கி.பி. 410-இல் ரோமாபுரியைக் கோத்தியர் சூறையாடியபோது பெண்கள் பலர் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். அவமானம் தாங்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதுவே கற்புக்கு அழகு என்று ரோமப் பழம்பெருமை பேசியவர்கள் மெச்சினார்கள். உயிரோடு இருந்த பெண்களை ஏளனமாகப் பார்த்தார்கள். அப்போதுதான் புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்ற நூலின் முதல் பகுதியில் எழுதினார்: அந்தப் பெண்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை, செய்தவன் பாவத்துக்கு அவர்கள் ஏன் சாக வேண்டும், கொலை செய்யாதே என்ற கட்டளையில் தன்னைக் கொல்லாதே என்பதும் அடங்கும். யோசித்துப் பாருங்கள். ஊர் வாய்க்குப் பயந்து சாக நினைத்த ஒருத்தியைப் பிடித்து நிறுத்தவே அந்தப் போதனை வந்தது.

காலம் போகப் போக அது வேறு வேலைக்குப் பயன்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய சங்கம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு வழிபாட்டோடு அடக்கம் கிடையாது என்றது. இங்கிலாந்தில் 1823 வரை அவர்களை நாற்சந்தியில் புதைக்கிற வழக்கம் இருந்தது. கத்தோலிக்கருக்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெளிந்த மனத்தோடு வேண்டுமென்றே செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. அதிலும் 'தெளிந்த மனத்தோடு' என்ற நிபந்தனை இருந்தது. இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் இருந்தால் விலக்கும் இருந்தது. ஊர்ப்பக்கத்தில் நிபந்தனை மறந்துபோய்த் தடை மட்டும் நின்றுவிட்டது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்தத் தடையே இல்லை. எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று யாராவது "கோயிலுக்குள்ள எடுக்க மாட்டாங்க" என்று உறுதியாகச் சொன்னால், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பங்குத்தந்தையிடம் நேரே போய்ப் பேசுங்கள்.

"விவிலியத்தில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்பீர்கள். தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் அதில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நரகத்துக்குப் போனார்கள் என்று அந்தச் செயலை வைத்து ஓரிடத்திலும் தீர்ப்பு எழுதப்படவில்லை. சவுல் அரசர் போர்க்களத்தில் தம் வாள்மேல் விழுந்தார். யாபேசு ஊர்க்காரர்கள் இரவெல்லாம் நடந்துபோய், எதிரிகள் மதிலில் தொங்கவிட்டிருந்த உடலை எடுத்துவந்து, மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் நோன்பிருந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊரை எதிரியிடமிருந்து காப்பாற்றியவர் சவுல். அவர் வாழ்ந்ததை அவர்கள் மறக்கவில்லை. சவுலால் துரத்தித் துரத்தி வேட்டையாடப்பட்ட தாவீதே அவருக்காக ஒப்பாரி பாடினார். அகிதோபல் தூக்கிட்டுக்கொண்டபோது அவரைத் தகப்பன் கல்லறையில்தான் வைத்தார்கள், ஊருக்கு வெளியே தள்ளவில்லை. சிம்சோன் பெயரை எபிரேயர் திருமுகம் நம்பிக்கையின் வீரர்கள் வரிசையில் வைக்கிறது.

யூதாசைச் சொல்வார்கள். எல்லாரும் யூதாசைத்தான் சொல்வார்கள். மத்தேயு நற்செய்தி 27-ஆம் அதிகாரத்தை நிறுத்திப் படியுங்கள். யூதாஸ் மனம் வருந்தி முப்பது வெள்ளிக்காசையும் எடுத்துக்கொண்டு தலைமைக் குருக்களிடம்தான் முதலில் போகிறான். பழியில்லாத ரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று அறிக்கையிடுகிறான். அவர்கள் கைகழுவிவிட்டார்கள்: எங்களுக்கென்ன, அது உன் பாடு. அவன் காசை விட்டெறிந்துவிட்டுப் போன பிறகு, இந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாமா கூடாதா என்று சட்டம் பேசுகிறார்கள். போனவன் பின்னால் ஒருவரும் போகவில்லை. யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே இரவில் பேதுருவும் ஆண்டவரை மறுதலித்தவர்தான், வெளியே போய் அழுதவர்தான். ஆனால் அவர் திரும்பித் தம் கூட்டாளிகளிடம் வந்து சேர்ந்துவிட்டார். உயிர்த்த ஆண்டவர் வந்தபோது அங்கே இருந்தார். யூதாசின் முடிவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் அந்தக் குருக்களின் பதிலைப் பற்றியும் ஒரு நாள் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

"மன்னிப்புக் கேட்க நேரமே இல்லையே தாத்தா" என்பது அடுத்த கேள்வி. காஞ்சிபுரம் சாலையில் விபத்தில் போகிறவருக்கு நேரம் இருக்கிறதா? தூக்கத்திலேயே மாரடைப்பில் போகிறவருக்கு? கடைசி மூச்சுக்குள் எல்லாப் பாவத்தையும் சொல்லி முடித்தவனுக்குத்தான் மீட்பு என்றால் நம்மில் ஒருவரும் தேறமாட்டோம். ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியைத் தெரியுமல்லவா, 1859-இல் இறந்தவர், பங்குக்குருக்களுக்குப் பாதுகாவலர். அவரைப் பார்க்க ஒரு விதவை வந்தாள். அவள் கணவன் பாலத்திலிருந்து குதித்து இறந்துபோனவன். அவள் வாய் திறக்குமுன்னே புனிதர் சொன்னாராம்: பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது. கடவுளுக்குக் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை என்பதை அந்தப் பாமர சாமியார் அறிந்திருந்தார். பிரிந்த சபைச் சகோதரர்கள் பக்கமும் இதே நம்பிக்கை உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் என்பதை மார்ட்டின் லூத்தர் ஏற்கவில்லை. காட்டில் திருடனிடம் சிக்கி வெட்டுப்பட்டவனைப் போலத்தான் அவர்களை அவர் பார்த்தார்.

இப்போது, இதை எழுதுவதற்கு எனக்கிருந்த ஒரே தயக்கத்தைச் சொல்கிறேன். "கடவுள்தான் மன்னிச்சிடுவாரே, அப்ப போயிடலாம்" என்று யாராவது ஒரு பிள்ளை கணக்குப் போட்டுவிட்டால்? ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதனால்தான், நரக பயம் இருக்கட்டும், அதுவாவது பிடித்து நிறுத்தும் என்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள். ஆனால் நான் பார்த்த அளவில் அந்தப் பயம் செத்தவரை எட்டியதே இல்லை. அவருடைய தாயைத்தான் எட்டியது. அவளைக் கோயிலுக்கு வராமல் செய்தது. இன்னொரு வேலையும் செய்தது: அதே எண்ணம் மனதில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது. நினைப்பதே மகாபாவம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வான்? சொல்லாமலே வைத்திருப்பான். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் இப்படிப் போயிருக்கிறார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிராவுக்கு அடுத்தபடி நாம்தான். அவர்களில் எத்தனை பேர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்?

ஆகவே தம்பி, பாப்பா, இதை உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சாக வேண்டும் என்ற நினைப்பு வருவது பாவமில்லை. மோசேக்கு வந்தது. யோபுவுக்கு வந்தது, பிறந்த நாளையே சபித்தார். யோனாவுக்கு வந்தது. கார்மேல் மலையில் ஜெயித்த எலியா, அதன் பிறகு பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். கடவுள் அவரைத் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் தட்டியெழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடக் கொடுத்தார். பேச்சு அதற்கப்புறம்தான். பேச்சின் முடிவில் எலிசா என்ற துணையும் கிடைத்தது. இறந்தவரை ஏற்றுக்கொள்கிற அதே கடவுள்தான் எலியாவைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அவருடைய இரக்கத்தை நம்புகிறவன் அந்த அப்பத்தையும் வாங்கிச் சாப்பிட வேண்டும்.

என் மனதை விட்டு அகலாத பகுதி திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரம். பிலிப்பி நகரில் அடிபட்டு வந்த பவுலையும் சீலாவையும் உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் ஒரு சிறைக்காவலன். நடுராத்திரியில் நிலநடுக்கம். கதவுகள் திறந்துகொண்டன, விலங்குகள் கழன்றன. கைதிகள் தப்பியிருப்பார்கள், விடிந்தால் தன் தலை போகும் என்று நினைத்து அவன் வாளை உருவிவிட்டான். இருட்டுக்குள்ளிருந்து பவுல் உரக்கக் கத்தினார்: உனக்கு ஒரு கெடுதியும் செய்துகொள்ளாதே, எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று. அவன் விளக்குக் கொண்டுவரச் சொல்லி, நடுங்கியபடி உள்ளே ஓடினான். மீட்படைய நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது அதன் பிறகுதான். அதற்குக் கிடைத்த பதிலைத்தான் சுவரிலும் காலண்டரிலும் எழுதி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டவன் சற்றுமுன் வாளை உருவியவன் என்பதை மறந்துவிடுகிறோம். அன்றிரவே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றான், சாப்பாடு போட்டான். பவுல் முதலில் அவனுக்கு மீட்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சத்தம் போட்டார். தாங்கள் ஓடிப்போகவில்லை என்று சொன்னார்.

இதை அப்படியே செய்து காட்டியவர் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு. 1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அவர் நடத்திய முதல் அடக்கமே பதினான்கு வயதுப் பெண்பிள்ளையுடையது. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அது என்னவென்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், ஏதோ அசிங்கமான நோய் என்று பயந்து உயிரை விட்டவள். பேச ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அந்த நினைவோடு இருந்தவர் 1953 நவம்பர் 2-ஆம் தேதி, நாம் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நாளில், லண்டனில் தம் கோயிலிலிருந்து தொலைபேசியில் உதவி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். நேரிலும் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் காபி கொடுத்துப் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்த சாதாரணத் தொண்டர்களிடமே பலர் மனம் திறந்துவிட்டு, சாமியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். அதைப் பார்த்து 1954-இல் வேலையை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். மதம் பரப்பக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அந்த வழியில் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியதுதான் சிநேகா. எண் 044-24640050. அரசின் டெலி மனஸ் 14416, காசில்லை, தமிழில் பேசலாம். இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகத் தயங்கியவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரு நிமிஷமும் தயங்காதீர்கள்.

நண்பன் ஒருவன் பேச்சு மாறினால், கடன் ஆப்பிலோ ரம்மியிலோ பணத்தை விட்டவன் திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரி நடந்தால், நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாடா?" கேட்டால் புத்தி அந்தப் பக்கம் போய்விடும் என்பது வீண் பயம். கேட்டவனிடம்தான் சொல்லுவான். சொன்னால் விடைபெறாதீர்கள், கூடவே இருங்கள், வீட்டுப் பெரியவரிடமும் மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினால் அந்தச் சத்தியத்தை மீறலாம், அதற்கான பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று நம்மைப் போன்ற விவசாய ஊருக்கு. பூச்சிமருந்தை வீட்டுக்குள், கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பொது இடத்தில் பூட்டுப்பெட்டிகள் வைத்து, மருந்தை அங்கேயே பூட்டிவைக்கச் சொல்லி சிநேகா குழுவினர் செய்து பார்த்தார்கள், விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த அதன் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த நேரத்து வேகம் தணிந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். நம் இளையோர் அமைப்பு இந்த வருஷம் சுற்றுலாவை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் பொதுப் பூட்டுப்பெட்டி ஒன்று செய்யலாம். பஞ்சாயத்தில் நானும் வந்து பேசுகிறேன்.

கடைசியாக அந்த வீடுகள். உங்களுக்கே தெரியும், எந்தெந்த வீடு என்று. அங்கே போகும்போது காரணம் கேட்காதீர்கள். "ஏன்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியலையா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். போனவனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவன் எப்படிக் கபடி ஆடுவான், யாரைக் கிண்டல் பண்ணுவான் என்று. அவன் பெயரையே மற்றவர்கள் வீட்டில் எடுக்காமல் விட்டிருப்பார்கள். வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்ச்சீட்டு வாங்குவோம் அல்லவா? அந்த அம்மா தானாக எழுதிக் கொடுக்கமாட்டாள். நம் பிள்ளை பெயரை வாசிப்பார்களோ மாட்டார்களோ என்று தயங்குவாள். அக்டோபர் கடைசியிலேயே நீங்கள் இரண்டு பேராகப் போய், அவளிடம் கேட்டு, பெயரை எழுதி வாங்கி வாருங்கள்.